ஐஆர்க்யூ 16: எழுத்தைத் தின்ற கீபோர்டு

மாதவரம் 200 அடி சாலையை ஒட்டிய ஓர் எடை மேடையிலிருந்து கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு பதினொன்றரைக்கு எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, கீபோர்டு எழுத்தைத் தின்னுது. இது மூணாவது கீபோர்டு. வெளியில லாரி வரிசையா நிக்குது, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் உரிமையாளர். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் அந்த அறையில் மின்விசிறி சுற்றாவிட்டாலும் முதல் கேள்வி எனக்குத்தான் வரும்.

பகலில் நகருக்குள் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இந்தப் பக்கத்து எடை மேடைகளுக்கு இரவில்தான் உயிர் வரும். செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் போகும் நெல் லோடு, மணலிப் பக்கத்துச் சரக்கு, எண்ணூர் துறைமுகத்துக் கன்டெய்னர் என்று வரிசை நிற்கும். காலி எடை, லோடு எடை, நிகர எடை, சீட்டு. ஒரு லாரிக்கு இரண்டு நிமிடம் என்பது கணக்கு. அந்த இரவு ஒரு லாரிக்கு ஆறு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் ஹார்ன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் கண்டது இது. நைட் ஷிஃப்டில் இருந்த பையன் டிஎன் 18 என்று அடிக்கிறார். திரையில் டிஎன் 8 என்று நிற்கிறது. மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு போவதற்குப் பதில் தவளைபோலத் தாவுகிறது. மேடையின் இண்டிகேட்டரில் எடை நிலையாக நிற்க, கணினித் திரையில் அதே எடை விட்டு விட்டு வருகிறது. ஆனால் அதே கணினியில் யுஎஸ்பி வழியாக மாட்டியிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் சரசரவென்று சீட்டு அடித்துத் தள்ளுகிறது.

ரீஸ்டார்ட் செய்தேன். எல்லாம் சரியானது. காசு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன், நல்லவேளை வாங்கவில்லை. மறுநாள் இரவு மறுபடியும் அதே கதை.

நான் சுற்றிய தப்பான வழிகள்

மழைக்காலம், வடசென்னையின் உப்புக் காற்று, தகரக் கூரை போட்ட அறை. கனெக்டரில் களிம்பு பிடித்திருக்கும் என்று முதலில் முடிவு கட்டினேன். பின்பக்கத்தின் மேல் போர்ட்டிலிருந்த கீபோர்டைக் கீழ் போர்ட்டுக்கு மாற்றியதும் அது சரியாக வேலை செய்ததால் முடிவு உறுதியானது. "மேல் போர்ட் போச்சு அண்ணாச்சி, கீழே மாட்டிக்கலாம்." ரீஸ்டார்ட் செய்தால் மேல் போர்ட்டும் ஏன் சரியாகிறது என்று நான் என்னையே கேட்டிருக்க வேண்டும். களிம்புக்கு ரீஸ்டார்ட் தெரியாது.

அடுத்து எர்த்திங். எடை மேடையில் எது கெட்டாலும் எர்த்திங்கைச் சொல்வது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அளந்தோம், குறையில்லை. அப்புறம் யுஎஸ்பியின் மின்சேமிப்பைச் சந்தேகித்தேன். தானாக உறங்க அனுமதி உள்ள சாதனம் சும்மா இருந்தால் அதை 2 வினாடியில் உறங்க வைப்பது, லினக்ஸின் மையமான கெர்னலின் இயல்பான அமைப்பு. அதை மொத்தமாக அணைத்தேன். கீபோர்டு, மவுஸ் இரண்டையும் கெர்னல் இயல்பாக உறங்க வைப்பதே இல்லை என்பது தெரிந்திருந்தும் அணைத்தேன். அலுப்பில் செய்கிற வேலை அது.

இதற்கிடையில் எடை மேடைக்காரர்களின் மெக்கானிக் வந்து எடையை உணரும் லோட்செல்களின் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் என்று சொல்லி அதைத் திறந்து உலர்த்தி மூடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் எடை துடித்தால் அவர் பார்க்கும் இடம் அதுதான். இண்டிகேட்டரை அவர் தொடவில்லை, தொடவும் முடியாது. எடையளவுத் துறையின் முத்திரை அதில் இருக்கிறது.

இந்த அலைச்சல் நடந்துகொண்டிருந்தபோது நைட் ஷிஃப்ட் பையன் ஒன்று சொன்னார். "அண்ணே, எழுத்தைத் தட்டினா வரமாட்டேங்குது. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு விட்டா வருது." நான் தலையாட்டிவிட்டு மல்டிமீட்டரைத் தேடப் போனேன். மூன்று வாரத்தில் யாரும் சொல்லாத உண்மையை அவர் ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

லாக் என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

நான்காவது தடவை போகும்போது, போனிலேயே சொல்லிவிட்டேன்: யாரும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அதுவரை நான் போவதற்குள் யாராவது பவர் பட்டனை அழுத்தியிருப்பார்கள். ரீஸ்டார்ட்டுக்கு முந்தைய லாக்கை லினக்ஸின் பதிவேடான ஜர்னலில் பார்க்கலாமே என்றால், பழைய எஸ்எஸ்டி தேய்ந்துவிடக் கூடாது என்று ஜர்னலை நினைவகத்தில் மட்டும் வைக்கும்படி அமைத்தவனும் நான்தான். மின்சாரம் போனால் சாட்சியும் போகும். இது முழுக்க என் தவறு.

யுஎஸ்பி பட்டியல் கட்டளையை ஓட்டினால் எல்லாச் சாதனங்களும் இருந்தன. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஒன்றும் குறையவில்லை. ஆக, சாதனம் கண்டறியப்படவில்லை என்ற வகைக் கோளாறு இல்லை. கெர்னலின் லாக்கைக் காட்டும் டிமெசேஜைத் திறந்ததும் நான் முதலில் தேடியது மைனஸ் 71, மைனஸ் 110 என்ற இரண்டு எண்களை. யுஎஸ்பி கோளாறு பார்ப்பவர்களுக்கு இவை பழக்கமான எண்கள். மைனஸ் 71 என்றால் நெறிமுறைப் பிழை. பெரும்பாலும் கேபிள், கனெக்டர், மின்னழுத்தம், இரைச்சல் போன்ற வன்பொருள் காரணங்கள். மைனஸ் 110 என்றால் கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் விடை வரவில்லை. என் களிம்புக் கதை உண்மையாக இருந்தால் மைனஸ் 71 வரிவரியாக வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. இரண்டாவதும் இல்லை.

யுஎஸ்பி பற்றி ஒரு வரிகூடப் புகார் இல்லாத அந்த லாக்கில், இரவு 10:52க்கு இது இருந்தது: ஐஆர்க்யூ 16, நோபடி கேர்ட். ஐஆர்க்யூ என்பது வன்பொருள் பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் வழியின் எண்; 16ஆம் வழியில் வந்த அழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதன்கீழே ஹேண்ட்லர்கள், அதாவது அந்த அழைப்பைக் கவனிக்க வேண்டியவர்கள், என்று இரண்டு பெயர்: ஒன்று யுஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலருடையது, இன்னொன்று 8250 சீரியல் டிரைவருடையது. கடைசி வரி: டிஸேபிளிங் ஐஆர்க்யூ 16.

எழுத்து தின்னத் தொடங்கியது எப்போது என்று பையனைக் கேட்டேன். "பத்தே முக்கால், பதினொண்ணு இருக்கும்ணே."

ஒண்டுக்குடித்தன வீட்டு மணி

யுஎஸ்பி கீபோர்டு தானாகக் கணினியைக் கூப்பிடாது. 1996இல் யுஎஸ்பி வந்த நாளிலிருந்தே இதுதான் விதி: ஹோஸ்ட், அதாவது கணினி, கேட்கும், சாதனம் விடை சொல்லும். கீபோர்டு, மவுஸ் பயன்படுத்தும் முறைக்கு இன்டரப்ட் டிரான்ஸ்ஃபர் என்று பெயர் வைத்திருப்பது ஒரு வேடிக்கை. உண்மையில் அதுவும் சில மில்லிவினாடிக்கு ஒருமுறை ஹோஸ்ட் போய் விசாரிப்பதுதான். உண்மையான இன்டரப்டை எழுப்புவது மதர்போர்டில் இருக்கும் ஹோஸ்ட் கன்ட்ரோலர். "விடை வந்துவிட்டது, எடுத்துக்கொள்" என்று அது பிராசஸரின் தோளைத் தட்டும். ஆகவே யுஎஸ்பி சாதனத்துக்கு ஐஆர்க்யூ கிடையாது, அது மாட்டியிருக்கும் கன்ட்ரோலருக்குத்தான் உண்டு.

அந்த மதர்போர்டு 2011இல் வந்த இன்டெல் 6 தொடர் சிப்செட் வகை. ரிட்சி தெருவில் பழையதாக வாங்கியது. அதில் யுஎஸ்பி 2.0க்கு இரண்டு ஈஎச்சிஐ கன்ட்ரோலர்கள். இன்டரப்ட்ஸ் கோப்பைப் பார்த்தால் ஒன்று 16இல், மற்றது 23இல். பின்பக்கத்தின் மேல் போர்ட்டுகள் முதல் கன்ட்ரோலரில், கீழ்ப் போர்ட்டுகள் இரண்டாவதில். பிரிண்டர் ஏன் குதிரைபோல் ஓடியது, கீழே மாற்றிய கீபோர்டு ஏன் சரியானது என்ற இரண்டு கேள்விக்கும் இந்த ஒரு பார்வையில் விடை கிடைத்துவிட்டது. போர்ட் கெடவில்லை. போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்டரப்ட் வழி அடைபட்டிருந்தது.

16ஆம் எண்ணில் ஈஎச்சிஐயோடு குடியிருந்தது, இண்டிகேட்டரின் ஆர்எஸ் 232 சீரியல் கேபிளை மாட்டுவதற்காக, பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் போட்டிருந்த சீரியல் கார்டு.

இப்படி ஒரே எண்ணைப் பகிர்வது குற்றமில்லை. பிசிஐக்கும் முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்தில் இரண்டு கார்டு ஒரே ஐஆர்க்யூவில் விழுந்தால் சண்டைதான். சவுண்டு கார்டை 5இல் வைப்பதா 7இல் வைப்பதா என்று ஜம்பரைப் பிடுங்கி மாட்டிய தலைமுறைக்கு ஐஆர்க்யூ மோதல் என்றால் அந்த நினைப்புத்தான் வரும். பிசிஐ வந்தபோது பகிர்வதற்கென்றே வடிவமைத்துவிட்டார்கள். திருவல்லிக்கேணிப் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு குடித்தனம், வாசலில் ஒரே அழைப்பு மணி. மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து, "எனக்கா?" என்று கேட்பார். யாருக்கு வந்த ஆளோ அவர் அழைத்துக்கொண்டு போவார். மற்றவர்கள் உள்ளே திரும்புவார்கள். கெர்னலும் இதையேதான் செய்கிறது. 16 அடித்தால் ஈஎச்சிஐ டிரைவரைக் கேட்கும், சீரியல் டிரைவரைக் கேட்கும். யாராவது ஒருவர் "எனக்குத்தான்" என்றால் போதும்.

மணிப் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால்? விடாமல் அடிக்கும். எல்லாரும் வெளியே வந்து, "எனக்கில்லை" என்பார்கள். கெர்னல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கடைசி 1,00,000 இன்டரப்டுகளில் 99,900க்கு யாரும் உரிமை கோரவில்லை என்றால் அந்த வழி சிக்கிக்கொண்டது என்று முடிவுசெய்து மூடிவிடும். வீட்டுக்காரர் வந்து மணியின் ஒயரைப் பிடுங்குவது மாதிரி. பிடுங்காவிட்டால் பிராசஸர் அந்த மணிக்கு எழுந்து எழுந்தே செத்துப்போகும்.

ஆனால் ஒயரைப் பிடுங்கினால் உண்மையான விருந்தாளி வந்தாலும் தெரியாதே. அதற்குத்தான் கெர்னல் பத்தில் ஒரு பங்கு வினாடி என்று ஓர் இடைவெளி வைத்திருக்கிறது. மூடிய வழியைக் கெர்னல் ஒரேயடியாகக் கைவிடுவதில்லை. வினாடிக்கு 10 தடவை தானாகவே வாசல் கதவைத் திறந்து, யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறது. அதனால் கீபோர்டு சாகாமல் குற்றுயிராகக் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விறுவிறுவென்று அடிப்பவரின் விரல் ஒரு பொத்தானில் இருக்கும் நேரம் பல சமயம் 100 மில்லிவினாடிக்கும் குறைவு. கீபோர்டு அனுப்பியது ஒன்று நினைவகத்தில் காத்துக்கிடக்கும்போது, அதற்குப் பின்னால் ஓர் எழுத்தை அழுத்தி எடுத்துவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை. அந்தக் கீபோர்டு அதை மறந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்தால் அடுத்த கதவு திறக்கும்வரை அது நிலைத்திருக்கும். பையன் சொன்னது அப்படியே சரி. அவர் கெர்னல் கதவைத் திறந்து பார்க்கும் இடைவெளியைத் தன் விரலால் அளந்து வைத்திருந்தார்.

எடை துடித்ததற்கும் இதே காரணம். சீரியல் கார்டின் உள்தேக்கம் 16 பைட். இண்டிகேட்டர் வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், பைட்டுக்கு 10 பிட் என்று பேசினால் 100 மில்லிவினாடிக்குள் 96 பைட் வந்துவிடும். 16 உள்ளே நிற்கும், மற்ற 80 வழிந்து போகும். சீரியல் டிரைவரின் நிலைக் கோப்பில் ஓவர்ரன் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. லோட்செல்லில் ஈரம் இல்லை, வழிந்தது பைட்.

இன்னும் சந்தேகம் இருந்தது. இன்டரப்ட்ஸ் கோப்பை ஒவ்வொரு வினாடியும் திரையில் புதுப்பிக்க விட்டு, மேல் போர்ட் கீபோர்டை அடித்தேன். 16இன் எண் கல்லுப்போல் நின்றது. ஆனால் எழுத்துகள் அரைகுறையாக வந்தன. பிரிண்டருக்கு ஒரு சீட்டு அனுப்பினேன். 23இன் எண் ஓடியது. அப்புறம் ஒரு பென்டிரைவை மேல் போர்ட்டில் மாட்டினேன். கண்டறியவே சில வினாடிகள் எடுத்தது. முகவரி கொடுப்பது, விவரக்குறிப்பைப் படிப்பது, பெயரைப் படிப்பது என்று அறிமுகத்தின் ஒவ்வொரு படியும் கதவு திறக்கக் காத்திருக்கிறதே. பெரிய கோப்பு ஒன்றைப் படித்ததில் வேகம் வினாடிக்கு 400 கிலோபைட் பக்கமே நின்றது. அதுவும் பொருந்துகிறது: லினக்ஸின் யுஎஸ்பி சேமிப்பக டிரைவர் ஒரு கட்டளைக்கு 120 கிலோபைட் வரை கேட்கும், கட்டளை, தரவு, முடிவு என்று மூன்று படி, படிக்கு 0.1 வினாடி. 120ஐ 0.3ஆல் வகுத்தால் 400. வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. தூக்கம் வரவில்லை என்றாலும் மனசு லேசாக இருந்தது.

பொத்தானைச் சிக்க வைத்தது யார்

கெர்னல் பட்டியலிட்ட இரண்டு பெயரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் யாரும் நினைப்போம். சீரியல் கார்டு கெட்டுவிட்டது என்று வேறொரு கார்டு வாங்கிப் போட்டேன். இரண்டாம் நாளே அதே வரி. அப்போதுதான் மதர்போர்டைக் கவனித்தேன்.

6 தொடர் சிப்செட்டில் மலிவு வகைகளில் பிசிஐ உள்ளமைந்திருக்காது. ஆனால் பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்காக மதர்போர்டு செய்பவர்கள் பிசிஐ ஸ்லாட் வைத்துவிடுவார்கள். நடுவில் பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐக்கு மாற்றும் ஒரு பாலச் சில்லு. சாதனங்களை மரவடிவில் பட்டியலிட்டபோது சீரியல் கார்டு அந்தப் பாலத்துக்குப் பின்னால் தொங்கியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிசிஐயில் இன்டரப்ட் என்பது நிஜக் கம்பி: கார்டு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும், டிரைவர் கவனித்ததும் விட்டுவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தக் கம்பியே கிடையாது. கம்பி இருப்பதுபோல் பாவனை செய்ய இரண்டு செய்திகள் போகும்: பிடித்தேன், விட்டேன். கம்பியைப் பார்த்து இந்தச் செய்திகளை அனுப்புவது பாலத்தின் வேலை. "பிடித்தேன்" போய்ச் சேர்ந்து, "விட்டேன்" எப்போதாவது ஒன்று போகாமல் நின்றுவிட்டால், கார்டு எப்போதோ விட்டுவிட்ட கம்பியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதாகவே மறுமுனை நம்பும். இரண்டு டிரைவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்: எனக்கில்லை, எனக்கில்லை. யாருக்கும் இல்லாத மணி அது. ரீஸ்டார்ட்டில் எல்லாம் பூஜ்யத்துக்கு வருவதால் சரியாகிவிடுகிறது.

லாரி கூடும் இரவில் மட்டும் வந்ததும் புரிந்தது. எடை மென்பொருள், எடை போடும் திரை திறந்திருக்கும்போது மட்டும் சீரியல் போர்ட்டைத் திறக்கும். திறந்திருந்தால், 8 பைட்டுக்கு ஓர் இன்டரப்ட் என்று வைத்தால்கூட வினாடிக்கு 120 தடவை பிடித்தேன், விட்டேன். அதிக லாரி, அதிக பிடித்தல், அதிகத் தவறும் வாய்ப்பு.

இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மேடை சும்மா இருந்தபோது, சீரியல் போர்ட்டை விடாமல் படிக்கும் ஒரு சின்ன நிரலை ஓட்டினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஐஆர்க்யூ 16 மூடப்பட்டிருந்தது. கார்டைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினேன். அது 17க்குப் போனது. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை மூடப்பட்டது 17. யுஎஸ்பி முழு நலத்தோடு இருந்தது, எடை மட்டும் துடித்தது. நோய் கார்டுகூடவே போனது. யுஎஸ்பி வெறும் அடுத்த வீட்டுக்காரர்.

லாக்கிலேயே கெர்னல் ஒரு யோசனையும் சொல்லியிருந்தது: ஐஆர்க்யூபோல் என்ற விருப்பத்தோடு பூட் செய்து பார். செய்தேன். பலன் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. அந்த விருப்பம், ஓர் இன்டரப்ட் தப்பான எண்ணில் வந்து விழும்போது சரியான டிரைவரைத் தேடிப் பிடிக்க உதவும். சொந்தக்காரரே இல்லாத இன்டரப்டுக்கு எந்த டிரைவரைத் தேடுவது? இந்த விருப்பத்தை எல்லா ஐஆர்க்யூ கோளாறுக்கும் கஷாயம்போல் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மாற்றியதும் வந்த அடுத்த தலைவலி

கார்டை இன்னொரு ஸ்லாட்டில் விட்டால் கீபோர்டு பிழைக்கும்; எடை பிழைக்காது. எம்எஸ்ஐ முறையில் இன்டரப்ட் அனுப்பும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போடலாம். அதில் கம்பியும் இல்லை, பகிர்வும் இல்லை, குறித்த நினைவக முகவரியில் ஒரு மதிப்பை எழுதுவது, அவ்வளவுதான். அதுதான் சுத்தமான தீர்வு. ஆனால் மதர்போர்டில் காலியாக அப்படி ஒரு ஸ்லாட் இல்லை. கிராபிக்ஸுக்கான நீள ஸ்லாட்டின் பூட்டு உடைந்து தொங்கியது, அதில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி சீரியல் மாற்றி வாங்கினேன். எந்தக் கோளாறை யுஎஸ்பி என்று நினைத்தோமோ அதற்கு யுஎஸ்பியே மருந்து.

ஐஆர்க்யூ 23இன் போர்ட்டில் மாட்டினேன். டிமெசேஜில் சிஎச்341 மாற்றி டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்ததாக வந்தது. அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டதாகவும் வந்தது. பிடுங்கி மாட்டினாலும் அதே. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நடுவில் இருந்த வரியை நிதானமாகப் படித்தால் விடை அங்கேயே இருந்தது: பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்தச் சாதனத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் திரைகளை இயக்கும் நிரல் அது. சில பிரெய்ல் திரைகளுக்குள்ளும் இதே சில்லு, இதே 1ஏ86:7523 என்ற அடையாள எண். சாதனம் மாட்டியதும் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் யுடெவ் விதி, எண்ணை மட்டும் பார்த்து, "பிரெய்ல் திரை வந்துவிட்டது" என்று நிரலைக் கிளப்பிவிடுகிறது. இந்தக் கணினியில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் யாரும் இல்லை என்பதால் நிரலை நீக்கினேன். எல்லாரும் இப்படி நீக்கிவிடச் சொல்வார்கள். பலபேர் உட்காரும் கணினியில், கல்லூரி ஆய்வகத்தில், நான் செய்ய மாட்டேன்; அந்த ஓர் அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் மறித்தால் போதும்.

இன்னொரு சில்லறை வேலையும் இருந்தது. மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போது கேபிள் ஒருமுறை ஆடி விலகினால், திரும்ப மாட்டும்போது 0 போய் 1 என்ற பெயரில் வந்து நிற்கும். மென்பொருள் 0ஐயே தேடிக்கொண்டிருக்கும். இந்த மலிவு மாற்றிகளில் தொடர் எண் இல்லாததால் சாதனத்தைக் கொண்டு அடையாளம் காண முடியாது. எந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்பதைக் கொண்டு நிலையான பெயர் தரும் யுடெவ் விதி எழுதினேன். அந்தப் போர்ட்டைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, "எடை கேபிள் மட்டும்" என்று மார்க்கரில் எழுதி வைத்தேன். எடை மென்பொருள் ஓடும் பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்க்க மறந்து அரைமணி நேரம் போனதை எழுதாமல் விடலாம், ஆனால் போனது.

முதல் வாரத்தில் ஒரு தடவை எடை நின்றது. ஹப் போர்ட்டை அணைத்துவிட்டது, மின்காந்த இரைச்சலாக இருக்கலாம் என்று கெர்னல் கேள்விக்குறியோடு எழுதியிருந்தது. நேரத்தைப் பார்த்தால் போர்வெல் மோட்டார் போட்ட நேரம். கணினியும் மோட்டார் ஸ்டார்ட்டரும் ஒரே இணைப்பிலிருந்து போயின. எலக்ட்ரீஷியன் வந்து தனித்தனியாகப் பிரித்தார். எர்த்திங்குக்காக முன்பு அழைத்தபோது கொடுத்த காசுக்கு இப்போது வேலை வந்தது என்றார் அண்ணாச்சி.

இப்போது ஜர்னல் வட்டிலேயே சேமிக்கப்படுகிறது. ஐஆர்க்யூ 16க்குக் கெர்னல் வைத்திருக்கும் ஸ்பூரியஸ் கோப்பை மூன்று மாதமாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். உரிமை கோரப்படாதவை 0 என்றே நிற்கிறது. பிசிஐ ஸ்லாட்டுகள் இரண்டும் காலி. கழற்றிய சீரியல் கார்டுகள் இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை, யாருக்காவது நிஜமான பிசிஐ ஸ்லாட் இருந்தால் கொடுத்துவிடுவேன். நைட் ஷிஃப்ட் பையன் இன்னமும் ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திப் பிடித்தே அடிக்கிறார். "இப்ப வேணாம் தம்பி, சும்மா தட்டினாலே வரும்" என்றேன். "தெரியும்ணே, கை பழகிப்போச்சு" என்றார்.